ஸ்கேல் அக்கா எழுதிய ரிப்போர்ட்

ஸ்கேல் அக்கா பழைய கோபத்தை மனதில் வைத்துச் சொந்த அத்தானின் மருந்தைக் கவிழ்த்துவிட்டாள் என்று தெருவெல்லாம் பேச்சு. அதைப் பரப்பியதில் எனக்கும் கொஞ்சம் பங்குண்டு, மறைப்பானேன். நடந்ததை இப்போது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

மூலிகைகளைச் சோதிக்கும் கூடத்தில் அவளுக்கு இருபது வருஷ வேலை. கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில், இலைச்சாறு நனைத்த பொட்டளவு காகிதத்தை வைப்பாள். மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக வட்டம் விழுந்திருந்தால் ஸ்கேலால் அளப்பாள். பெயர் அப்படி வந்தது; வயதில் மூத்த நானும் அப்படித்தான் சொல்வேன். அவளுடைய கூடப்பிறந்த அக்காளின் புருஷனோ அதைப் பாட்டில் கழுவுகிற உத்தியோகம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அத்தான்தான் ஒருநாள் ஒரு பை இலையோடு வந்து நின்றார். அவர் விற்கும் புண் தைலத்தின் டப்பாவில் ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று அச்சடிக்க வேண்டுமாம்.

இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறு எடுத்துப் பார்த்தாள். மறுநாள் பெரிய வட்டம். பார்க்க வந்திருந்த அத்தான் அங்கேயே மீசையை முறுக்கினார். ஆனால் அதே தட்டில், வெறும் ஸ்பிரிட்டில் நனைத்த காகிதம் ஒன்றையும் அவள் வைத்திருந்தாள். அதைச் சுற்றியும் அதே அளவு வட்டம். கிருமியை அடித்தது ஸ்பிரிட், இலை பக்கத்தில் நின்று போஸ் கொடுத்திருக்கிறது.

சாறு நனைத்த காகிதத்தை ஸ்பிரிட் முழுக்க ஆவியாகும்வரை காயவைத்து மறுபடி சோதித்தாள். வட்டமே இல்லை.

ஸ்பிரிட் காகிதத்தை ரிப்போர்ட்டில் சேர்க்காமல் விட்டுவிடலாமே, குடும்ப விஷயம்தானே என்றார் மேலதிகாரி. விட முடியாது என்றாள். அடுத்து அவளுடைய அக்காளே வந்து, கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள்.

"நீ நல்லபடியா எழுதலைன்னா என் வீட்டுப் படி மிதிக்காதடி."

இவள் உள்ளே போய், ‘கிருமியைத் தடுக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அக்காள் கையிலேயே கொடுத்தாள். ஒரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

போன வாரம் கூடத்துக்கே போய் அவளிடமே கேட்டுவிட்டேன், கோபத்தில்தான் செய்தாயா என்று. தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கோபம் இல்லன்னு யாருண்ணே சொன்னது? நெறைய இருக்கு. அதனாலதான் காயவெச்சு மூணு தரம் பார்த்தேன், கோபத்துல கை தப்பிடக் கூடாதுன்னு. மூணு தரமும் அந்த இலை ஒரு கிருமியையும் அசைக்கல. அத்தான் எனக்குத் தங்கமான மனுஷனா இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். போங்க, இதையும் பரப்புங்க."