எடுக்காமல் போன படம்

அன்றைய நோயாளிகள் பட்டியலில் இரண்டாவதாக அண்ணனின் பெயர் இருந்தது. கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் வீட்டு மனிதர் ஒருவரின் பெயரை அந்தத் தாளில் பார்த்தது அதுவே முதல் தடவை.

கிள்ளானில் லோரி ஓட்டிய அண்ணனுக்கு எந்த வலியும் இல்லை. ஆனால் அப்பா நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனவர். அண்ணன் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான்தான் நச்சரித்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். இரத்தக் குழாய் அடைபடும் முன்பே அதன் சுவரில் அழற்சி எங்கே என்று எங்கள் ஸ்கேன் காட்டிவிடும். சிறிதளவு கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்துவோம். அழற்சி உள்ள இடம் அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும்.

ஊசிக்கு முன் எல்லாரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன்.

"சாப்பிடல லா, தங்கச்சி. பசியோட ஹைவேயில ஓட்டாதீங்கன்னு உன் அண்ணி ஒரு தே மட்டும் கலக்கிக் குடுத்தா."

கெட்டிப்பால் ஊற்றிய தேநீர், எங்கள் பேச்சில் தே. இனிப்பு உள்ளே போனால் இதயத் தசையே மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், தேடுவது தெரியாது. திருப்பி அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்துத்தான் அடுத்த இடம் கிடைத்தது. "எனக்கென்ன ஆகப்போவுது" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஆறாம் நாள், துறைமுகத்தில் சரக்கு இறக்கக் காத்திருந்தபோது, ஸ்டீயரிங்மேல் சாய்ந்தவர் எழவில்லை.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அண்ணி சொல்லி அழுதார்: "நான் குடுத்த தேதான்." அருகிலேயே நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மற்ற நோயாளிகளுக்கு எதைத் தொடக்கூடாது என்று அச்சிட்ட தாள் கொடுப்பேன். அண்ணனுக்கு மட்டும், நம் ஆள்தானே என்று, "சாப்பிடாம வாங்க" என்று போனில் சொன்னதோடு சரி. எங்கள் வீட்டில் தே குடிப்பதை யாரும் சாப்பாட்டில் சேர்த்ததில்லை. எனக்கு அது தெரியும்.

படம் எடுத்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதியில்லை என்றார் டாக்டர். அதையும் அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

எட்டு மாதம் கழித்து, போன வாரம், அண்ணியின் சமையலறையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் அடுப்பை அணைத்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல, பாப்பா?" என்றார்.