மூன்று கோடு, இரண்டு புள்ளி

நம்ப விரும்பாதவர்கள் நம்ப வேண்டா. ஆயினும் இது நடந்தது. மலாக்கா, காஜா பேராங் சாலையில் டோபிக் கடை வைத்திருந்த பொன்னுதுரை இதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். தேதியும் மணியும் அவர் சொன்னபடியே இங்கு உள்ளன.

அக்காலத்தில் சலவைத் துணியில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை, குறி போடுவார்கள். சேராங்கொட்டைச் சாற்றில் ஊசியைத் தோய்த்துச் சட்டைக் கழுத்தின் உட்புறம் இட்டுவிட்டால், துணி நைந்து போனாலும் குறி போகாது. பொன்னுதுரை கடையில் மூன்று கோடு என்றால் மூன்றாம் சந்து. இரண்டு புள்ளி என்றால் இரண்டாம் வீடு. கீழே ஒரு சாய்ந்த இழுப்பு இருந்தால் அது வீட்டுத் தலைவரின் உடுப்பு. குறி இடுபவள் அவர் மனைவி அஞ்சலை. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் இருவரே. நானூறு துணி குவிந்து கிடந்தாலும், கழுத்தைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் வீட்டைச் சொல்லிவிடுவார்கள்.

1957 ஆகஸ்டு 30, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. ஆற்றங்கரையில் தொங்காங் படகுகளுக்கு மூட்டை சுமக்கும் மருதமுத்து கடை வாசலில் வந்து நின்றான். இந்நாட்டில் அவனுக்கு உற்றார் எவரும் இல்லை. மனைவி மட்டும் தமிழ்நாட்டில் இருந்தாள்.

“அண்ணே, ஒரு வெள்ளச் சட்ட குடுங்கண்ணே. நாளைக்கி பண்டார் ஹிலிர் பாடாங் மைதானத்துல மெர்டேக்கா விழா.”

“இது டோபி கட. ஜவுளிக் கட இல்ல.”

“கிழிஞ்ச பனியனோட போயா சுதந்திரம் வாங்குறது?”

“ஒன் சட்டயப் பாத்துட்டுத்தான் சுதந்திரம் வரப்போவுதாக்கும்?”

“போட்டோவுல சட்டதானண்ணே தெரியும்! ஊருக்கு அனுப்பணும். அவ என்ன முழுச் சட்டையில பாத்ததே இல்ல. திங்கக்கெழம கட்டாயம் திருப்பிக் குடுத்துர்றேன். சத்தியம்.”

பொன்னுதுரை சிரித்துவிட்டார். அடுக்கின் மேலே இருந்தது செட்டி கம்பத்து மூன்றாம் சந்துக் குமாஸ்தா பிச்சையின் சட்டை. அதை எடுத்துக் கொடுத்தார். வாடிக்கையாளர் துணியை இரவல் கொடுப்பவன் டோபியே அல்லன் என்று மற்றக் கடைக்காரர்களை ஏசியவர் அவர்தாம்.

திங்கட்கிழமை மருதமுத்து வரவில்லை.

செவ்வாய், செப்டம்பர் 3, விடியற்காலை, கிளேபாங் கரையில் ஓர் ஆணின் உடல் ஒதுங்கியது. முகம் அடையாளம் தெரியவில்லை. இறந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்கும் என்று மருத்துவர் கூறினார்.

புதன், காலை 10.15. காவல்துறைக் கார்ப்பரல் ஒருவர் கடைக்கு வந்தார். உள்ளங்கையில் நான்கு விரல் அகலத் துணித்துண்டு. முந்தின நாள், பிணத்தின் சட்டைக் கழுத்திலிருந்து அவரே வெட்டி எடுத்தது.

மூன்று கோடு. இரண்டு புள்ளி. ஒரு சாய்ந்த இழுப்பு.

“தாவு?” என்று மலாயில் கேட்டார். தெரியுமா?

கடையில் வாடிக்கையாளர் இருவர் நின்றிருந்தனர். குறியைப் படித்தால் பிச்சையின் பெயர் வரும். பிச்சையின் சட்டை இன்னொருவன் உடம்புக்கு எப்படிப் போயிற்று என்ற கேள்வி வரும். நாளை ஒரு வீட்டிலிருந்தும் துணி வராது.

பொன்னுதுரை தரையைப் பார்த்தார்.

“தாக் தாவு, துவான்.” தெரியாது, ஐயா.

அப்படியானால் இன்று மாலை பெயரில்லாமலே புதைத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுக் கார்ப்பரல் போனார். வாடிக்கையாளர்களும் போனபின் அஞ்சலை உள்ளிருந்து வந்தாள்.

“என் கையால போட்ட குறி. தெரியாதாமா?”

“வாய மூடு.”

“மூடிக்கிறேன். அவன் பொஞ்சாதி ஊர்ல போட்டோவுக்குக் காத்துக் கெடக்கட்டும்.”

அன்று முதல் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் வைத்த சோற்றைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து உண்டார்.

வெள்ளி, செப்டம்பர் 6. பிற்பகல் 2.40. நல்ல மழை. அஞ்சலை துணி கொடுக்கப் புக்கிட் பாரு சென்றிருந்தாள். பொன்னுதுரை சாரலுக்காக வாசற்கதவைத் தாழிட்டுவிட்டுத் தனியே நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு தலையணை உறையைத் திருப்பினார். ஓரத்தில் மூன்று கோடு, இரண்டு புள்ளி, ஒரு சாய்ந்த இழுப்பு.

அது ஐந்தாம் சந்துச் சீனர் வீட்டு உறை. அஞ்சலை மாற்றிப் போட்டுவிட்டாள் போலும் என்று எண்ணி ஒதுக்கி வைத்தார்.

அடுத்தது ஒரு குழந்தையின் சட்டை. அதே குறி. தொட்டுப் பார்த்தார். விரலில் கறுப்பாக ஒட்டியது. சற்றுமுன் இட்டதுபோல் ஈரமாக இருந்தது.

போர்வை. அதே குறி. மேசை விரிப்பு. அதே குறி. அடுக்கையே கலைத்துப் போட்டார். எல்லாவற்றிலும்... அதே குறி.

2.52. கடையின் பின்புறம், துவைக்கும் கல்லில் ஓசை எழுந்தது.

தப்... தப்... தப்...

டொக். டொக்.

பிறகு, ஈரத்துணியைத் தரையோடு இழுப்பது போல... சர்ர்ர்ர்...

மூன்று. இரண்டு. ஓர் இழுப்பு.

“யாரு?”

பின்கதவைத் திறந்தார். கல்லருகே எவரும் இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கல்லின்மேல் ஒரு சொட்டும் விழவில்லை. குனிந்து துவைப்பவர் ஒருவர் மறைத்து நின்றால் எவ்வளவு இடம் நனையாதோ... அவ்வளவு இடம் காய்ந்திருந்தது.

கடல் நாற்றம் அடித்தது.

கதவைச் சாத்தினார். தாழிட்டார்.

தப்...

ஓசை இப்போது கடைக்குள் கேட்டது.

தப்... தப்...

அவர் முதுகுக்குப் பின்னால்.

டொக். டொக்.

பிடரியில் ஏதோ குளிர்ந்தது. ஊசி முனை.

சர்ர்ர்ர்...

பிறகு எரிந்தது.

3.05 என்று கடிகாரம் காட்டியதை மட்டும் கண்டார். நான்கு மணிக்கு அஞ்சலை வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டியபின்தான் நினைவு திரும்பியது. அவர் கழுத்தைக் கண்டதும் அவள் கையிலிருந்த குடை நழுவியது. சேராங்கொட்டைச் சாறு பட்ட தோல் போலக் கொப்புளித்திருந்தது. துணியைப் படிப்பதுபோல் அவள் படித்தாள்.

“மூணு கோடு... ரெண்டு புள்ளி...”

மேலே படிக்கவில்லை.

“எந்திரிங்க. போய்ச் சொல்லுங்க.”

5.20க்குச் செட்டி கம்பத்தில், பிச்சையின் வீட்டு வாசலில் நின்றார். பிச்சை இல்லை. அவர் மனைவி அன்னம்மா வந்தார். மலாக்காச் செட்டிகள் தலைமுறைகளாக மலாய் பேசுபவர்கள். பொன்னுதுரை கண்களைத் தரையில் வைத்து, தெரிந்த மலாயில் திக்கித் திக்கி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். உங்கள் வீட்டுச் சட்டையை இரவல் கொடுத்தேன். அதை உடுத்தியவன் இறந்துவிட்டான். சட்டையும் அவனோடு மண்ணுக்குள் போய்விட்டது.

அன்னம்மா விளங்காமல் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையைக் கொண்டுவந்தார்.

உலர்ந்து, மொடமொடப்பாகத் தேய்த்து, ஒழுங்காக மடித்த சட்டை.

திங்கட்கிழமை பிற்பகலே வந்துவிட்டதே, டோபியின் ஆள்தானே கொண்டுவந்து கொடுத்தான் என்றார். வந்தவன் மேலுக்குச் சட்டையில்லாமல் இருந்தானாம். “பாசா குயுப்,” என்றார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தானாம். அன்று மழையே இல்லை. பிறகு சட்டைக் கழுத்தை விரித்துக் காட்டிக் கடிந்துகொண்டார்.

குறி இருக்கவேண்டிய இடத்தில், நான்கு விரல் அகலத்துக்கு ஓட்டை.

கார்ப்பரல் அந்தத் துண்டை வெட்டியது செவ்வாய்க்கிழமை.

அன்று மாலையே பொன்னுதுரை அந்தச் சட்டையோடு போய்க் காவல் நிலையத்தில் மருதமுத்துவின் பெயரைச் சொன்னார். தாம் செய்ததையும் பொய் உரைத்ததையும் அத்தனை பேர் முன்னிலையில் கூறினார். கார்ப்பரல் உறையிலிருந்து துணித்துண்டை எடுத்து ஓட்டையில் வைத்தார். நூலோடு நூல் பொருந்தியது. புதைக்கும்போது பிணத்தின் மேல் சட்டை இருந்ததா என்று மும்முறை விசாரித்தார்கள். இருந்தது என்றே எல்லாரும் சொன்னார்கள்.

கல்லறைக்குப் பெயர் கிடைத்தது. அஞ்சலை போட்டோக் கடைக்குச் சென்று, மெர்டேக்கா அன்று மருதமுத்து எடுத்துக்கொண்ட படத்தை வாங்கி அவன் மனைவிக்கு அனுப்பினாள். பாதி வீடுகள் துணி போடுவதை நிறுத்திவிட்டன. பொன்னுதுரையின் பிடரிக் குறி கடைசிவரை மறையவில்லை. எந்த வெயிலிலும் கழுத்தில் துண்டோடுதான் இருந்தார்.

ஒரு மாதம் கழித்து, கோவிலில் அஞ்சலையைக் கண்ட அன்னம்மா, அன்று சொல்ல மறந்த ஒன்றைச் சொன்னார். சட்டையை வாங்கியபோதே, கழுத்தில் ஏன் இந்த ஓட்டை என்று வந்தவனைக் கேட்டாராம்.

கார்ப்பரல் கடைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு. பொன்னுதுரை அந்தப் பொய்யைச் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பு.

அவன் சிரித்துக்கொண்டே இரண்டு சொல் சொன்னானாம்.

“டோபி தாவு.”

டோபிக்குத் தெரியும்.