மொபெட்டுக்கும் ஒரு கிரிவலம்

குடித்துவிட்டு மொபெட் ஓட்டி மாட்டியதில் என் கட்சிக்காரர் ஒருவருக்கு ஆறு மாதம் லைசென்ஸ் இல்லை. நெற்றி நிறைய விபூதி. வாயைத் திறந்தால் ஒரு சந்தேகம். கோர்ட் வாசலில் என்னை மடக்கினார்.

"வக்கீல் சார், வண்டிய ஓட்டத்தான கூடாது? தள்ளிட்டுப் போலாங்களா?"

"தாராளமா."

நான் கிரிவலம் போன பௌர்ணமி மாலை, அடி அண்ணாமலைக் கூட்டத்தில் அவரும் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹெட்லைட்டிலும் விபூதிப் பட்டை.

"இத ஏங்க இழுத்துட்டு வர்றீங்க?"

"குடிச்சது நானு, ஓட்னது இது. பாவத்துல பங்கு இருக்குதுல்ல?"

அடுத்து சாலை இறக்கமாக இருந்தது. அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"இன்ஜின் ஆஃப்ல இருக்குது சார். அதுவா உருண்டா, நான் ஓட்டறதுன்னு ஆவுமா?"

நான் யோசித்து முடிப்பதற்குள் உருண்டு போய்விட்டார். கீழே நின்ற போலீஸ்காரர் ஹெட்லைட்டைப் பார்த்து, பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.