ரெனியும் ‘போதும்’ என்று சொல்லும் சுவிட்சும்

ரெனி பெல்கோலாவின் வாயில் வராத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘போதும்’தான். பள்ளிக்கூடச் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் அவள் கரண்டியோடு நிற்கும்போது, தட்டை நீட்டுகிற பிள்ளை எத்தனை தடவை ‘போதும்’ என்று கெஞ்சினாலும் இன்னொரு கரண்டி விழும். "ஏரிக் காத்து அடிச்சா பறந்து கனடாவுல போய் விழுவ, தின்னு" என்பாள். பனி பெய்தாலும் அவளுக்குக் காணாது, பேச்சு எவ்வளவு பேசினாலும் காணாது. எங்கள் ஊர் வடக்கு மிச்சிகனில், ஆட்கள் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே காப்பியே குடித்து முடித்துவிடுவார்கள். அவர்கள் மத்தியில் ரெனி தனிப்பிறவிதான்.

இந்த வாயாடி, உலகத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பயப்படுவாள். அடைத்து வைத்த காற்றுக்கு.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் கணவன் வெஸ், பனி தள்ளுகிற லாரிகளைப் பழுது பார்ப்பவன். ஒரு மார்கழிக் காலையில் பெரிய சக்கரம் ஒன்றுக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தபோது டயர் வெடித்து, ஆளைத் தூக்கிச் சுவரில் அடித்தது. எலும்புகள் கூடிவிட்டன. வலது காது போனது போனதுதான். அன்றிலிருந்து ரெனி தன் காருக்குக்கூடக் காற்றடிப்பதில்லை. ஊரிலேயே சப்பைச் சக்கரத்தோடு ஓடுகிற கார் யாருடையது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

அப்படிப்பட்டவள் பள்ளியின் ரோபோக் குழுவில் மாட்டிக்கொண்டது மகள் மாய்ஜாவால். அறையில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தாக வேண்டும் என்பது குழுவின் சட்டம். பட்டறை ஆசிரியர் பூஷே ஒருவர். இன்னொருவருக்கு ஆள் கிடைக்கவில்லை. "ஒண்ணும் செய்ய வேணாம் ரெனி, சும்மா உக்காந்திருந்தா போதும்" என்று பூஷே சொன்னார். ரெனிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி ரொட்டிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, வயரை உரித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் வாயிலேயே திணிப்பாள். ரோபோ அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிள்ளைகள் உண்டாக்கியது நான்கு சக்கரத்தில் தானாக ஓடுவதைப் பார்த்து, முதல் நாள் கண் கலங்கிவிட்டாள்.

அவளிடம் சொல்லாமல் மறைத்த விஷயம் ஒன்றுதான். போட்டிக்கு ரோபோவின் கை மேலே எழும்பி வளையத்தைத் தூக்க வேண்டும். அதற்குக் காற்று வேண்டும்.

முதல் முறை, காற்றை அடைக்கிற கம்ப்ரசரை ஓட்டிய அன்று ரெனி மேசையோரம் உட்கார்ந்து முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தகரத்தில் ஆணியைக் கொட்டிக் குலுக்கினது போல் சத்தம் கிளம்பியது. மீட்டரில் முள் ஏறியது. சிவப்புக் கோட்டில் கம்ப்ரசர் தானாக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முள் கோட்டைத் தாண்டியது. சேஃப்டி வால்வு திறந்து, மிஞ்சின காற்றை வெளியே விட்டபடி, காது கிழிகிற மாதிரி ஒரு அலறல் அலறியது. பூஷே விசையை அணைப்பதற்குள் ரெனி மகளின் சட்டைக் காலரைப் பிடித்துக் கதவுக்கு வெளியே, பனிக்குள் இழுத்துப் போட்டிருந்தாள். கையில் கத்தி அப்படியே இருந்தது.

"அம்மா, மானத்த வாங்காத! எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மாய்ஜா.

"பாக்கட்டும். கண்ணு காதோட பாக்கறாங்கல்ல, அதுவே பெரிசு. நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன். நீயும் வரக்கூடாது."

அவள் வராவிட்டால் இரண்டாவது பெரியவர் இல்லை. இரண்டாவது பெரியவர் இல்லாவிட்டால் கம்ப்ரசரை ஓட்ட முடியாது. போட்டியோ அந்த வாரக் கடைசியில். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் ரெனி வெஸ்ஸிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் இடது காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"வெடிச்சுதா, கத்துச்சா?"

"கத்துச்சு. நாய மிதிச்ச மாதிரி."

"கத்துறது நல்லது ரெனி. என் டயர் கத்தவே இல்ல."

இத்தனை வருஷத்தில் அந்த டயரைப் பற்றி அவன் வாய் திறந்ததே அன்றுதான்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு வரிசையில் மாய்ஜா வந்து நின்றாள். நீட்டிய தட்டில் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கட்டைவிரல் அளவுக்குப் பித்தளைச் சுவிட்ச் ஒன்று இருந்தது. அதன் தலையில் இரண்டு சின்னக் கால்கள்.

"குனிஞ்சு பாரும்மா. இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் நடுவுல."

ரெனி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். வயர் முனையிலிருந்து பிரிந்த செம்பு இழை ஒன்று, குழந்தையின் தலைமுடியை விட மெல்லிசாக, இரண்டு கால்களையும் தொட்டுக்கொண்டு கிடந்தது.

"காத்து கம்மியா இருந்தா உள்ள ரெண்டும் ஒட்டிட்டிருக்கும். அப்ப கம்ப்ரசர் ஓடும். காத்து நெறஞ்சா ரெண்டும் விலகிடும். நின்னுடும். நான் மாட்டுனப்ப இந்த இழை தப்பிடுச்சு. உள்ள விலகியும் வெளிய ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. அது பாவம், போதும் போதும்னுதான் சொல்லியிருக்கு. நான்தான் சொல்லவிடல."

வரிசையில் பின்னால் நின்ற கோல்பி என்ற தடியன், "அப்ப அந்த இழைக்கு மிஸஸ் பெல்கோலான்னே பேரு வைக்கலாம்" என்றான். வரிசையே சிரித்தது. ரெனி சிரிக்கவில்லை. கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"வயர் அறுந்துபோனா?" என்று கேட்டாள். "ஓடுற ஓட்டத்துல இதுல ஒண்ணு புடுங்கிக்கிட்டுப் போனா? அப்ப ஓடிக்கிட்டே இருக்குமா?"

"இருக்காதும்மா. அறுந்தா ரெண்டும் விலகின மாதிரிதானே. போதும்னு அர்த்தம். நின்னுடும்."

ரெனி அந்தப் பித்தளைத் துண்டைக் கையில் எடுத்தாள். எவனோ ஒருவன், முகம் தெரியாதவன், எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறான். வயர் அறுகிற நாள் வரும், அன்று இது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று யோசித்திருக்கிறான். பக்கத்தில் நிற்கப்போகிற பிள்ளையை அவனுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பிள்ளைக்காக யோசித்திருக்கிறான். ரெனிக்கு உடம்பு சிலிர்த்தது. தேவாலயத்தில்கூட அவளுக்கு இப்படி ஆனதில்லை.

"மிஸஸ் பெல்கோலா, பசிக்குது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"கத்துங்க, கத்துங்க. கத்துறது நல்லது" என்றாள்.

சாயங்காலம் அவள் பட்டறைக்கு வந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியை மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, ரோபோவுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டாள். மாய்ஜா இந்த முறை இழைகளை முறுக்கி, இரண்டு முனைகளுக்கும் ரப்பர் உறை போட்டு, சூடு காட்டி இறுக்கியிருந்தாள். ரோபோ அணைந்திருக்கும்போது ஒரு வயரைக் காட்டி, "நீயே கழட்டும்மா" என்றாள். ரெனி கழற்றினாள். பூஷே இயக்கினார். கம்ப்ரசர் கிடந்தது கிடந்தபடி கிடந்தது, மூச்சுக் காட்டவில்லை. மகள் சொன்னது நிஜம்தான்.

பிறகு வயரைத் திரும்ப மாட்டி ஓட்டினார்கள். ரெனி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முள் ஏறியது. சிவப்புக் கோட்டை நெருங்கியது. அவள் வாய் தானாக முணுமுணுத்தது: "போதும்... போதும்... போதும்டா கண்ணா."

நின்றது.

யாரும் தொடவில்லை. யாரும் ஓடி வந்து அணைக்கவில்லை. இத்தனை சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில், ஜன்னல் சட்டத்திலிருந்து பனி உருகிச் சொட்டுவதுகூடக் கேட்டது. ரெனி எழுந்து, கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

வாகனம் நிறுத்துமிடத்தில் வெஸ்ஸின் லாரி நின்றது. அவளையும் மகளையும் கூட்டிப்போக அவன் தினமும் சீக்கிரமே வந்துவிடுவான். ஆனால் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. காலில் பனிச்சகதி, அதனால் வரவில்லை என்பான். உண்மை என்ன என்பது ரெனிக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. தன் பயத்தை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அவள். அவனோ இத்தனை வருஷமாகத் தன் பயத்தை லாரிக்குள் உட்காரவைத்து, எஞ்சினைப் போட்டுச் சூடாக வைத்திருந்தான்.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவன் இறக்கினான்.

"ஓடுதா?" என்று கேட்டான்.

"நின்னுடுச்சு வெஸ். தானா நின்னுடுச்சு. வா, வந்து பாரு."

அவன் எஞ்சினை அணைத்தான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு இறங்கினான்.

மாய்ஜா அப்பாவைப் பட்டறைக்குள் கண்டாள். பாதுகாப்புக் கண்ணாடியை அவன் கையில் கொடுத்தாள், நிரம்பியிருந்த காற்றை வெளியே விட்டாள், மறுபடி ஓட்டினாள். வெஸ் நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றான். ரெனியின் விரல்களை அவன் நெரித்த நெரிப்பில் மோதிரம் சதைக்குள் இறங்கியது. முள் ஏறியது. கோட்டில் நின்றது. அவன் பிடி தளரவில்லை.

"இன்னொரு தடவ" என்றான்.

ஓட்டினாள். நின்றது.

"இன்னொரு தடவ."

பூஷே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டார். பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. "இன்னும் எத்தன தடவப்பா?" என்று கேட்டாள் மாய்ஜா.

ரெனிதான் பதில் சொன்னாள்.

"உங்கப்பா போதும்னு சொல்ற வரைக்கும்."