கருப்பம்மாவின் பத்துச்சீட்டு

கருப்பம்மா கொழுந்து கிள்ளினால் செடிக்கே தெரியாது. லயத்து வரிசையில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் ஓர் எறும்பு நுழைவதென்றாலும் வாசலில் காலைத் துடைத்துவிட்டுத்தான் நுழையும். இதில் பாதிதான் என் கைச்சரக்கு. மீதி, பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவளை அறிந்தவர்கள் சொன்னது.

ஐம்பத்துமூன்றாம் ஆண்டு, ஒரு மழை நாள், பதுளையில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். கையில் பத்துச்சீட்டு. வேலையை விட்டு நிறுத்தியவர்களுக்குத் துரை கொடுக்கும் கடிதம் அது. அதைக் காட்டாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது.

"ஏழு தோட்டம் ஏறி எறங்கிட்டேன், டீச்சரம்மா. பெரகல வரைக்கும் போனேன். சீட்டப் பாக்கிற வரைக்கும் ஆள் வேணும்ங்கிறாங்க. பாத்த ஒடனே இல்ல, போங்கிறாங்க. மாசக் கடைசில காம்பிராவ விடணும். ரெண்டு புள்ளைங்களோட எங்கிட்டுப் போவேன்? அப்படி என்னத்தத்தான் எழுதியிருக்கு?"

இங்கிலீஷில் நாலே வரி. நடுவில் ஒரு சொல்: 'டிஸோடர்லி'.

முந்தின கிழமைதான் வகுப்பில் அதைப் படிப்பித்திருந்தேன். மேசையில் புத்தகம் கலைந்து கிடந்தால் சொல்லலாம், தலை வாராமல் வந்தால் சொல்லலாம் என்று முன்வரிசை மாணவி சரோஜாதேவியின் பரட்டைத் தலையைத் தொட்டுக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

"ஒழுங்கில்லாத ஆள் எண்டு எழுதியிருக்கு."

"நானா?" கருப்பம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "என் காம்பிராவ வந்து பாத்தாங்களாமா?"

"அது இல்லை, கருப்பம்மா. தோட்டத்துத் துரை எழுதினா, கலகம் செய்த ஆள் எண்டு அர்த்தம். என்ன செய்தனீங்கள்?"

செய்தது இதுதான். மலையில் கொழுந்து எடுக்கும்போது, கீழே குழந்தைகளை விட்டுவரும் பிள்ளைக்காம்பிராக் கூரையில் புகை. கங்காணியைக் கேட்காமல் நிரையை விட்டு ஓடினாள். பின்னால் நாற்பது பெண்களும் ஓடினார்கள். கூடைகள் உருண்டு, கொழுந்தெல்லாம் சேற்றில். போய்ப் பார்த்தால், ஆயா ஈர விறகு மூட்டியிருந்தாள். மற்றவர்களுக்கு அரைநாள் பேர் வெட்டு; பாதிக் கூலிதான். முதலில் ஓடியவளுக்கு இந்தச் சொல்.

"நெசமாவே நெருப்புப் புடிச்சிருந்தா என்னன்னு எழுதியிருப்பாங்க?"

சீட்டைத் திருப்பி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அந்த ஒண்ண மட்டும் அழிச்சிட்டு வேற எழுதிக் குடுங்களேன். ஒங்க கையெழுத்து முத்துமுத்தா இருக்குமாமே."

மேசையில் மைக்கூடு இருந்தது. என் வேலையை நினைத்துக்கொண்டேன்.

"ஏலாது" என்றேன்.

அவள் மன்றாடவில்லை. பழைய மடிப்புப் பிசகாமல் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் அரிசி எடுத்துக்கொண்டு பசறை பஸ் ஏறினேன். லயத்தின் முன்னால், மழையில், பானை ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம், அம்மி தண்ணீர் ஓடும் கானுக்குள். காவல்காரர்கள் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். கதவில் புதுப் பூட்டு. பிள்ளைகள் இரண்டும் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றன. கருப்பம்மா படியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் குனிந்து பானையை நிமிர்த்தினேன்.

"கெடக்கட்டும், டீச்சரம்மா" என்றாள். "அடுக்கி எங்க வைக்கிறது?"