படி காலி என்று யார் சொல்வது

குளத்தங்கரையில் குடியிருப்பது நல்லதா, கெட்டதா? சைதாப்பேட்டையிலிருந்து எங்களைப் பார்க்க வந்த அக்கா, பின்கதவைத் திறந்து தண்ணீரைப் பார்த்ததுமே இப்படிக் கேட்டாள். "ஏண்டி, ஓடுற குழந்தை ஒண்ணு, மடியில ஒண்ணு. இங்கயா குடியிருக்க? இது நல்லதா கெட்டதா, நீயே சொல்லு." காப்பி ஆறிவிடும் என்று சொல்லி நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அக்கா மாலை பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

என் கணவர் ஆசிரியர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற பாதையில் உள்ள ஒரு கிராமத்துப் பள்ளியில் அவருக்கு வேலை. வாத்தியார் என்ற மரியாதைக்காக ஊரார் பார்த்துக் கொடுத்த ஓட்டு வீடு இது. பின்னால் சின்னக் கொல்லை, அதில் ஒரு வேப்பமரம், அதைத் தாண்டினால் குளத்துப் படி. கரையில் எங்களைப் போல இன்னும் நாலைந்து குடும்பங்கள். குடிக்கத் தெருக்கிணறு. துவைக்க, குளிக்க, மாடு கழுவ எல்லாவற்றுக்கும் குளம்.

நல்லதைச் சொல்லாமல் இருப்பது நன்றிகெட்டதனம். சைதாப்பேட்டையில் ஒரு குடம் தண்ணீருக்குக் குழாயடியில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன்! இங்கே சின்னவன் பிறந்தபோது, குழந்தைத் துணிகளை அலச ஒரு நாளும் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கவில்லை. சித்திரை வெயிலிலும் எங்கள் தெருக்கிணறு வற்றுவதில்லை. குளம் ஊறிக்கொண்டிருப்பதால்தான் என்கிறார்கள். கரையோரம் பொன்னாங்கண்ணி தானாக முளைக்கிறது. மதியம் பின்கதவைத் திறந்து வைத்தால் தண்ணீர் மேல் தவழ்ந்து வரும் காற்றுக்கு விசிறி தேவையில்லை. இரண்டரை வயதாகும் என் பெண் முதன்முதலில் திருத்தமாகச் சொன்ன வார்த்தை அம்மா அல்ல, கொக்கு.

கெட்டதும் இல்லாமலில்லை. அந்தி சாய்ந்தால் கொசு. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம், சுண்ணாம்பு நிற்பதில்லை. ஒரு நாள் குளிக்கிற இடத்தில் தண்ணீர்ப்பாம்பு சுருண்டு கிடந்தது. கோடையில் பாசி நாற்றம். இவற்றோடு பேச்சுச் சத்தம். தண்ணீருக்கு மேல் பேச்சு எப்படித்தான் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதோ! படியில் துவைக்கும் பெண்கள் பேசுவது அடுப்படியில் இருக்கும் எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவர்களுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

"வாத்தியாரூட்ல இன்னிக்கும் புளி வாசன கீதுடி. ரசந்தானா?"

"அந்தம்மா படிச்சவங்க. ரசத்தக்கூட புஸ்தகம் பாத்துத்தான் வப்பாங்க."

"உனுக்கின்னா வயித்தெரிச்சல்? நீ வக்கிற கொழம்புக்குப் பயந்துகினு உன் வூட்டுக்காரன் ஓட்டலாண்ட போய் நிக்கிறான்."

சிரிப்பு படி முழுவதும் பரவும். அவர்களில் அதிகம் சிரிக்க வைப்பவர், இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஒரு பெண்மணி. அடுத்த தெருவில் வீடு. காலையில் நடவுக்கோ களை எடுக்கவோ போய்விட்டு, வெயில் ஏறியதும் துணி மூட்டையோடு வருவார். பெரும்பாலும் கடைசியாகக் கிளம்புவதும் அவர்தான். கிளம்பும்போது ஒரு குரல் கொடுப்பார் பாருங்கள், எதிர்க்கரையில் மேயும் மாடுகூட நிமிர்ந்து பார்க்கும்.

"படி காலீ...யே!"

அடுத்து துவைக்க வரவேண்டியவர்களுக்கு இடம் இருக்கிறது என்று சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். சரியாக அந்த நேரத்தில்தான் சின்னவன் கண்ணயர்ந்திருப்பான். அவனுக்கு வயிற்றுவலி இருந்த மாதங்கள் அவை. அழுது அழுது ஓய்ந்து தூங்குவான். குரல் கேட்டதும் தூக்கிவாரிப்போட்டு எழுவான். எனக்கு வரும் ஆத்திரத்தில் எழுந்துபோய்ப் பின்கதவை அடித்துச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவேன். என் கோபம் படிவரை கேட்கட்டும் என்றே போடுவேன். மற்ற வீடுகளிலும் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அவர்களுக்கும் இது தொந்தரவாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் திருப்தி.

நேரில் போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கணவரிடம் சொன்னேன். "கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க."

"ஊர்க்குளம்மா. நாம எப்படி..."

"குழந்தைக்காகத்தானே கேக்கறேன்?"

அவர் தயங்கித் தயங்கித்தான் சொல்லியிருக்கிறார், டீக்கடையில், அந்தப் பெண்மணியின் கணவரிடம். ஆனால் வாத்தியார் வாயிலிருந்து வந்ததை இந்த ஊரில் யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை, அப்படியே செய்துவிடுவார்கள். மறுநாளே படி அமைதியாகிவிட்டது. துணியைக் கல்லில் அறையும் சத்தம் மட்டும்தான். ரசத்தைப் பற்றிய கேலிகூட நின்றுவிட்டது. சின்னவன் மதியம் முழுக்கத் தூங்கினான். நல்ல தாய் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக எனக்குள் சின்னப் பெருமிதம்.

சில நாட்களில் இன்னொன்றைக் கவனித்தேன். கடைசியாகக் கிளம்பும் பெண், தலையில் ஈரத்துணியைச் சுமந்துகொண்டு கரையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு வீட்டுப் பின்கதவாகப் போய்த் தட்டுவாள். ஏதோ சொல்லிவிட்டு நகர்வாள். எங்கள் வேப்பமரத்தருகே வந்ததும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவாள். மூக்குத்திக்காரரும் அப்படியே செய்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் புகார் சொன்னதற்காக என்னை ஒதுக்குகிறார்கள் என்று முடிவு கட்டினேன். எல்லார் வீட்டிலும் போய்ப் பேசுகிறார்கள், என் வீட்டை மட்டும் விட்டுவிடுகிறார்கள். விட்டுப் போகட்டும், எனக்கென்ன என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்காவிடம்கூட, "இங்க ஜனங்க ஒரு மாதிரி" என்று சொன்னேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அக்கா வந்துபோன அந்த வாரத்திலேயே ஒரு மதியம். சின்னவன் தொட்டிலில் தூங்கிவிட்டான். பெரியவள் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். படியிலிருந்து துணி அறையும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பெண்கள் இருக்கும்வரை பயமில்லை. பெரியவள் படிப்பக்கம் போனால், "ஏய் வாத்தியார் பொண்ணு, போ வூட்டுக்கு" என்று யாராவது திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தத் தைரியத்தில் கதவைத் திறந்தே வைத்து, வார இதழில் தொடர்கதையைப் பிரித்தேன். துணி அறையும் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் நிற்பதைக் காது கவனிக்காது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"வாத்தியாரம்மா..."

மிகவும் மெல்லிய குரல். நிமிர்ந்தேன். பின்வாசலில் மூக்குத்திக்காரப் பெண்மணி நின்றிருந்தார். மார்புவரை நனைந்திருந்தார். அவர் தோளில் என் பெண். தலைமுடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, உதட்டில் பாசி. கண் திறந்திருந்தது. இருமினாள், பிறகு அழ ஆரம்பித்தாள். அந்தப் பெண்மணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, தொட்டில் பக்கம் கண்ணைக் காட்டி, கிசுகிசுப்பாகக் கேட்டார்:

"கொயந்த தூங்குதாம்மா?"

என் பெண்ணைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர், என் மகனின் தூக்கம் கலையக்கூடாதென்று கிசுகிசுக்கிறார். நாங்கள் சொன்னதற்காக. எந்தத் தாயும் ஊரைக் கூட்டிக் கத்தியிருக்கக்கூடிய அந்த நேரத்தில்கூட.

துவைத்துவிட்டுக் கிளம்பியவர், பாதி வழியில்தான் சோப்பைக் கல்லிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்து திரும்பியிருக்கிறார். அவர் அந்தச் சோப்பை மறக்காமல் இருந்திருந்தால்...

பெரியவளைத் துவட்டி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து புடவையைப் பிழிந்தார்.

"இன்னாம்மா, தாப்பா போட்லியா? படி காலியாயிடுச்சேம்மா."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க யாரும் சொல்லலியே!" அந்த நிலையிலும் என் வாயில் வந்தது குற்றச்சாட்டுதான்.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "சத்தம் போடக்கூடாதுன்னு சார் சொன்னாங்கல்ல? அதான் ஒவ்வொரு வூடா தட்டிகினு போறோம். உங்க வூட்ட மட்டும் தட்றதில்ல. கொயந்த முயிச்சுக்குமேன்னு. தொவைக்கிற சத்தம் நின்னாலே நீங்க தாப்பா போட்டுக்குவீங்கன்னு இருந்தோம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தக் கூப்பாடு துவைக்க வருகிறவர்களுக்கு அல்ல, கரையில் குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு. படியில் ஆள் இருக்கும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது துவைக்கிறவர்கள் பொறுப்பு. கடைசி ஆள் கிளம்பும்போது குரல் கொடுப்பாள். அந்த நிமிடத்திலிருந்து பொறுப்பு வீட்டிலிருப்பவர்களுடையது, கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. மூச்சு விடுவதை யார் சொல்லிக் கொடுப்பார்கள்? நான் எரிச்சலில் அறைந்து சாத்திய கதவுதான் அத்தனை மாதம் என் பெண்ணைக் காப்பாற்றியிருக்கிறது. குரலை நிறுத்தினேன், எரிச்சல் போயிற்று, கதவைச் சாத்துவதும் போயிற்று.

"உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார். "படிச்சவங்களாச்சே, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்." கிண்டல் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மாலை கணவரிடம் சொன்னேன். அவர் பெண்ணை மடியிலிருந்து இறக்கவேயில்லை. பிறகு, "நாளைக்கே சொல்லிடறேன், பழையபடி சத்தம் போடட்டும்" என்றார்.

"வேண்டாங்க. நிறுத்தச் சொன்னதும் நீங்க, போடச் சொல்றதும் நீங்களா? அவங்க என்ன நம்ம பள்ளிக்கூடப் பிள்ளைங்களா? நானே போய்க் கேக்கறேன்."

சொன்னேனே தவிர, கேட்கவில்லை. ஒரு பக்கெட் துணியை எடுத்துக்கொண்டு படிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எல்லாரும் நகர்ந்து, வழுவழுப்பான நல்ல கல்லை எனக்கு விட்டார்கள். "பாப்பாவுக்கு ஜொரம் கிரம் இல்லியே?" என்று விசாரித்தார்கள். பயந்ததற்கு வேப்பிலை அடிக்கச் சொன்னார்கள். யாரும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அந்த மரியாதைக்கு நடுவே, கேட்க வந்ததை விட்டுவிட்டு, துவைத்த துணியையே மறுபடியும் துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது மூக்குத்திக்காரர் எங்கள் கதவுக்கும் வருகிறார். தட்டுவதில்லை, நகத்தால் மெல்லச் சுரண்டுகிறார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் நகர்கிறார். வயலில் குனிந்து நிமிர்ந்த இடுப்போடு, தலையில் ஈரச்சுமையோடு, கரை முழுக்க நடக்கிறார். ஒரு குரலில் முடிந்த வேலை. தினமும் அந்தச் சுரண்டல் சத்தம் கேட்கும்போது எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மற்ற வீடுகளின் கவலையும் என்னுடையதாகிவிட்டது. பக்கத்து வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. அதன் தாய் ஒரு நாள் கொல்லையில் நின்று சொன்னாள்: "கத்துனா தெருக்கோடிக்கும் கேக்கும்கா. தட்டுனா, வாசல்ல நெல்லு காய வச்சிகினு கீற எனுக்கு எப்படிக் கேக்கும்?" பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "உங்கள ஒண்ணும் சொல்லலக்கா" என்றாள்.

இதற்கிடையில் தண்டலத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு வீடு காலியாக இருப்பதாகக் கணவரின் நண்பர் சொல்லியிருக்கிறார். வாசலிலேயே கைப்பம்பு. குளமில்லை, கொசு குறைவு. என் கணவர் அங்கிருந்து சைக்கிளில் பள்ளிக்கு வந்து போவதாகச் சொல்கிறார். முடிவை என்னிடம் விட்டுவிட்டார். எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீருக்குப் பயந்து போக விரும்புகிறேனா, அந்தப் பெண்களின் முகத்துக்குப் பயந்து போக விரும்புகிறேனா என்று என்னையே கேட்டால், பதில் எனக்குப் பெருமை தருவதாக இல்லை. போய்விட்டால் என் குழந்தைகள் பிழைத்துக்கொள்வார்கள். நான் ஊமையாக்கிய குளத்துப் படி அப்படியே இருக்கும். வாத்தியார் சொன்னது என்று, நாங்கள் போன பிறகும் அவர்கள் தட்டிக்கொண்டே நடப்பார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை சீக்கிரமே நடக்க ஆரம்பித்துவிடும்.

இதைப் படிக்கும் சகோதரிகளில் குளத்தங்கரையிலோ ஏரிக்கரையிலோ பிள்ளைகளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் இருப்பீர்கள். இந்த வீட்டில் இருப்பதா, போவதா? எதுவானாலும், போவதற்கு முன்னாலாவது அந்தக் குரலைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர்களிடம் கேட்டாக வேண்டும் என்று படுகிறது. அடுத்தவர் வாயால் நான் நிறுத்திய ஒன்றை, என் வாயால், அந்தப் படியில் நின்று, என்ன சொல்லிக் கேட்க ஆரம்பிப்பது? முதல் வார்த்தை மட்டும் தெரிந்தால்கூடப் போதும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.