அம்மாவின் நான்கு வருடங்கள்

புது வீட்டு உறுதிப் பத்திரத்தில் அம்மாவின் பெயர் ஏற, அவருடைய பிறப்புச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பித்து ஐந்து மாதமாகியும் வரவில்லை. ஹட்டன் பஸ்ஸில் வீரவசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டே பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன்.

“என்னங்க மேடம், பதிவுப் புத்தகத்து மேலேயே தூங்கிட்டீங்களா?”

யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரான அந்தப் பெண்மணி கோபிக்கவில்லை.

“தம்பி, நீங்கள் எழுதித் தந்த வருசத்துப் புத்தகத்தில உங்கட அம்மாவின்ர பேர் இல்லை. தோட்டத்தில வேலைக்குப் பேர் பதிய, பதினெட்டு எண்டு வயசைக் கூட்டிச் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சன். அடுத்த நாலு வருசப் புத்தகங்களையும் பக்கம் பக்கமாப் பார்த்தனான். நாலாவதிலதான் இருந்தது. இந்தாங்கோ சான்றிதழ்.”

அப்படியென்றால் அம்மா பதினான்கு வயதிலேயே, பதினெட்டு என்று சொல்லிக் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார். அடையாள அட்டையில் இருந்த அந்தப் பொய் வயதைப் பார்த்து விண்ணப்பம் நிரப்பிய மேதை நான்தான்.

சான்றிதழை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். முன்பின் பார்த்திராத ஒருவருக்காக இந்தப் பெண்மணி எத்தனை பெயர்களைப் படித்திருக்கிறார்! பெற்ற பிள்ளை நானோ, “எத்தன வயசுலம்மா வேலைக்குப் போனீங்க?” என்று ஒருநாளும் கேட்டதில்லை.